ஐந்தாவது ஆமென்

"ஜூன் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நிர்வாகக் குழுக் கூட்டத்தில், முடிவு ஜெபத்தைக் காதில் வாங்காமலே ஆமென் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில், வகுப்புக்குப் போக பஸ் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்."

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்ததைப் பார்த்தால் ரொம்பவும் அலட்டிக்கொள்வதுபோல இருந்தது. மேலே திரும்பவும் 'சிறு' என்று எழுதினாள். அவள் சுபாவம் அப்படி. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியை வெட்டுவதற்கு முன் அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள், வெட்டிய பிறகும் ஒரு தரம் பார்ப்பாள். மாலையில் அலுவலக நிர்வாக வகுப்பு. தினமும் ஒரு குறிப்பு எழுத வேண்டும், அதில் அன்றைய பிழை முதலிலும் மறுநாள் வேலை கடைசியிலும் வர வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூடப் படித்தவர்கள் இரண்டாம் வாரமே அந்தப் பழக்கத்தைக் கைகழுவிவிட்டார்கள். இவள் விடவில்லை. பிழைக்கு அவளிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

சபை நடத்தும் முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் அவள் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சேர்ந்தாள் என்பதைவிட, பிடித்துப் போடப்பட்டாள் என்பதே சரி. குழுவில் இளைஞர் ஒருவர் இருப்பது நாகரிகம் என்று ஏதோ மாநாட்டில் கேட்டுவிட்டு வந்த தலைவர், ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "நீ இளைஞர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். தேர்தல் அத்துடன் முடிந்தது. அன்று முதல் அவர்களுக்கு அவள் 'யூத்'. "யூத், அந்த ஜன்னலச் சாத்தும்மா." "யூத், டீ ஆறிப்போச்சு, சூடா கொண்டாரச் சொல்லு." ஒப்புக்குச் சப்பாணி என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பதவிக்கு மரியாதையாக வைத்த பெயர்.

மற்ற நால்வரும் நீண்ட காலமாக நாற்காலியைச் சூடாக வைத்திருப்பவர்கள். தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. இல்லத்தை ஆரம்பித்தவருடைய மகன். இல்லத்தில் இருக்கும் பெரியவர்கள் அவருக்கு 'மைக்' என்று பெயர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் கையில் வாங்கிய மைக்கை அவர் திருப்பிக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. "நான் ஒரு பைசா சம்பளம் வாங்காம ஊழியம் செய்றேன்" என்று கூட்டத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். சம்பளம் வாங்காதவனை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதை அவர் வாலிபத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்.

அடுத்தவர் வக்கீல். மேசைக்கு மேலே அவர் முகமும் மேசைக்குக் கீழே அவர் போனும் கூட்டத்தில் கலந்துகொள்ளும். எதைக் கேட்டாலும், "சட்டப்படி தப்பில்ல" என்பார். மூன்றாமவர் துணிக்கடைக்காரர், பொருளாளர். பிஸ்கட் தட்டு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் அவர் கருத்தும் நகரும். நான்காவது, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர். அவர்தான் செயலாளர். கூட்டத்தில் என்ன தீர்மானிக்கப் போகிறார்கள் என்பதைத் தலைவரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தீர்மானிப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடும் திறமை அவருக்கு உண்டு.

அந்தக் குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கை தூக்கி ஓட்டுப் போடுவது உலகத்தாருடைய வழி, நமக்கு ஒருமனம்தான் வேண்டும் என்று தலைவரின் அப்பா காலத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதனால் பேச்செல்லாம் முடிந்ததும் தலைவர் ஜெபம் செய்வார், தீர்மானம் அந்த ஜெபத்துக்குள்ளேயே வரும். ஐந்து பேரும் ஆமென் சொன்னால் அது நிறைவேறியது. ஒரு குரல் குறைந்தாலும் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போகும். பெரியவர்கள் குடியிருக்கும் அறைகளைத் தொடும் காரியமாக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் இரண்டு முறை ஆமென் வேண்டும்.

வகுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வகுத்திருப்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை நடுவில் நிறுத்தி, "அது என்ன சொன்னீங்க?" என்று கேட்க எவருக்கு வாய் வரும்? மைக் அதைத் தன் அப்பாவைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். பேச்சில் சொன்னால் எதிர்ப்பு வரக்கூடிய எதையும் அவர் பேச்சில் சொல்வதில்லை. கடவுளிடம் சொல்லிவிடுவார்.

மறுநாள் அவள் கடையில் ஒரு கிழவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அத்தை.

"ஏய். நேத்து கூட்டத்துக்குப் போனியா?"

"போனேன் அத்தை."

"ஆமென் சொன்னியா?"

"ஏன்?"

"சொன்னியா இல்லியாடி?"

"சொன்னேன்."

"நல்லா இரு" என்று அத்தை போனை வைத்துவிட்டாள்.

அத்தை அவளுடைய அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆயுள் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, மனிதர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் மிஞ்சவில்லை. இடுப்பில் ஆபரேஷன் ஆனபின் இல்லத்தின் கீழ்த்தளத்தில், கிழக்குப் பக்க மூலையில் ஒரு அறை கிடைத்தது. அந்த அறையின் பின்கதவைத் திறந்தால் நேரே முற்றம். ஊன்றுகோலோடு நாலடி வைத்தால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் வெளிவாசல் தெரியும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அத்தையின் பார்வையில் அகப்பட்டுத்தான் ஆக வேண்டும். 'மைக்' என்று பெயர் சூட்டியதும் அந்த நாற்காலியிலிருந்துதான்.

அன்று மாலை வகுப்பைத் தவறவிட்டு அவள் இல்லத்துக்கு ஓடினாள். நடைபாதைச் சுவரில் டீச்சரின் வளைவான கையெழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. இல்லத்தின் ஆண்டு விழாவை முன்னிட்டு, கீழ்த்தளக் கிழக்குப் பகுதியின் நான்கு அறைகள் நிறுவனர் நினைவு அரங்கமாக மாற்றப்படும். அங்கே வசிப்போர் இரண்டாம் மாடியின் அமைதியான சூழலுக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். குழு ஒருமனதாக ஜெபத்தோடு ஏற்றுக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும்.

இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் இருந்தது. அதற்கு மனசு இருந்தால் ஓடும். மனசு இல்லாத நாட்களில் சாப்பாட்டுத் தட்டுகள் படியேறிப் போகும், ஆட்கள் அங்கேயே கிடப்பார்கள்.

அத்தை முற்றத்து நாற்காலியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மேடம். உள்ள வந்து அறைய அளந்துக்குங்க. அவங்கப்பா போட்டோவ எந்தச் சுவத்துல மாட்றதுன்னு முடிவு பண்ணணும்ல?"

"அத்தை, நான் கேக்கலை. அவர் ஜெபத்துல என்ன சொன்னார்னு நிஜமாவே கேக்கலை."

"கேக்காமத்தான் எல்லாரும் ஆமென் சொல்றீங்க. கேட்டா எவன் சொல்லுவான்?" அத்தை இப்போது திரும்பினாள். "மேல போனா எனக்குப் பாக்க என்னடி இருக்கு? தண்ணித் தொட்டி. அதுக்கு நான் என்ன பேர் வைக்கிறது?"

"இன்னும் ஒரு கூட்டம் இருக்கு அத்தை. ரெண்டாவது ஆமென் வேணும்."

"அதுக்கும் நீ பஸ்ஸ நெனச்சிட்டிரு."

அவளுக்கு அழுகை வந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தாள். அவளிடம் இருந்த கருணை அவ்வளவுதான். பக்கத்து அறைகளில் பார்வை போன பாட்டு வாத்தியாரும், சக்கர நாற்காலியில் இருக்கும் அக்காள் தங்கை இருவரும், மூச்சுக்கு இயந்திரம் வைத்திருக்கும் பழைய தபால்காரரும் இருந்தார்கள். தபால்காரரின் இயந்திரம் கதவுக்கு அந்தப் பக்கம் புஸ் புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவள் டைல்ஸ் கடைக்குப் போனாள். போவதற்கு முன் பேச வேண்டியதை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். கடைக்குள் நுழைந்ததும் வரிசை கலைந்துவிட்டது. சுற்றிலும் யாரும் உட்காராத பளபளக்கும் கழிப்பறைத் தொட்டிகள், தண்ணீர் வராத குழாய்கள், எந்த வீட்டிலும் சேராத சுவர்த் துண்டுகள். அந்தக் கொலுவுக்கு நடுவில் தலைவர் சுழல் நாற்காலியில் வீற்றிருந்தார்.

"அடடே, யூத்! வாம்மா. பாத்ரூம் போடப் போறியா?"

"இல்லைங்க அய்யா. கீழ்த்தள அறைகளப் பத்தி..."

அவர் முகம் ஜெபத்துக்குத் தயாராவதுபோல இறுகியது. "அது ஜெபத்துல முடிஞ்ச காரியம்மா. ஜெபத்துல முடிஞ்சத மறுபடி யோசிக்கிறது சந்தேகம். சந்தேகம் நல்லதில்ல."

"அவங்களால மேல ஏற முடியாதுங்க."

"லிஃப்ட் இருக்கே."

"அது பாதி நாள் ஓடறதில்லை அய்யா."

"மீதிப் பாதி நாள் ஓடுதுல்ல?" என்று அவர் சிரித்தார். தான் சொன்னது அவருக்கே பிடித்துப்போனது தெரிந்தது. "எதையும் நல்ல பக்கமாப் பாக்கணும்மா."

"அப்படின்னா, அய்யா, நம்ம கூட்டத்த இரண்டாம் மாடியில வெச்சுக்கலாமே. அங்க ஒரு பெரிய அறை சும்மாத்தானே கெடக்கு. அத அரங்கமாக்கினாலும்..."

"என் முட்டி ஒத்துக்காதும்மா" என்றார் தலைவர், யோசிக்காமல். "அந்த லிஃப்ட நம்பி நான் ஏறமாட்டேன். ஒருதடவ நடுவுல நின்னுபோச்சு. அப்பப்பா!"

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் நிறுத்தினார். சொன்னது காதில் விழுந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். விழவில்லை. அவர் டீ சொல்லத்தான் நிறுத்தியிருந்தார்.

டீ வந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்துகிறவர்கள் ஒரு பெரிய உபகாரம் செய்யப்போகிறார்கள் என்று பொருள்.

"உங்க அத்தையும் அங்கதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. டீச்சர் இப்பத்தான் சொன்னாங்க. நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அந்த மூல ரூம் இல்லாட்டியும் அரங்கம் நிக்கும். கொஞ்சம் சின்னதா இருக்கும், பரவால்ல. அத்தை அங்கயே இருக்கட்டும். அடுத்த ஜெபத்துல அப்படியே சேத்துடறேன். நீ நிம்மதியா ஆமென் சொல்லு. என்ன?"

"மத்த மூணு ரூம்?"

"அவங்களுக்கு ஆண்டவர் இருக்கார்" என்றார் தலைவர். சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால்கூட அவளால் மன்னிக்க முடிந்திருக்கும்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "யோசிக்கிறேன் அய்யா" என்று சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டு வந்தாள். அந்த டீயைக் குடித்ததற்காகப் பிறகு பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அத்தையிடம் சொன்னபோது, அவள் எதிர்பார்த்தது வேறு. எனக்கு மட்டும் வேண்டாம், எல்லாருக்கும் வேண்டும் என்று அத்தை நிமிர்ந்து நிற்பாள் என்று நினைத்திருந்தாள். அத்தைக்கு நிமிர்வதே கஷ்டம் என்பது வேறு விஷயம்.

"வாங்கிக்கோ" என்றாள் அத்தை.

"அத்தை!"

"என்ன அத்தை? நான் என்ன தியாகியா? எனக்கு இந்தக் கதவு வேணும், இந்த நாற்காலி வேணும். பாட்டு வாத்தியாருக்குத் தோட்டம் தெரியவா போவுது? அவருக்குக் கீழயும் ஒண்ணு, மேலயும் ஒண்ணு."

"தபால்காரர்? லிஃப்ட் நின்ன அன்னைக்கு அவருக்கு மூச்சு நின்னா?"

முற்றத்தில் ஒரு பூனை வந்து அத்தையின் காலை உரசிவிட்டு, ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்ததும் போனது.

"ஊர்ல இருக்கிற எல்லாரையும் நீ காப்பாத்தாத. உன்னால பஸ்ஸையே பிடிக்க முடியல" என்றாள் அத்தை. "வாங்கிட்டு வா. போ."

அந்த மாதம் முழுவதும் அவள் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் அத்தை மேலே போவாள், அதுவும் தன்னால். ஆமென் சொன்னால் மற்றவர்கள் மேலே போவார்கள், அதுவும் தன்னால்தான், ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள இன்னும் நான்கு பேர் இருப்பார்கள். இப்படிக் கணக்குப் போடுகிற தன்னைப் பார்த்தே அவளுக்கு ஏளனமாக இருந்தது. இல்லை என்று சொல்லத் தோன்றுவதுகூட நியாயத்தினாலா, அந்தச் சுழல் நாற்காலி மேல் இருக்கும் எரிச்சலாலா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆமென் சொல்லிவிடுவது. அத்தையே கேட்கிறாள், இதற்குமேல் யாருக்காக?

ஜூலை மாதக் கூட்டம் வழக்கம்போல் கீழ்த்தளத்தில், தலைவரின் முட்டிக்கு வசதியான அறையில் நடந்தது. நீள மேசை, ஐந்து நாற்காலி, ஓரத்தில் தலைமை நர்ஸ் உட்கார ஒரு ஸ்டூல். நர்ஸுக்கு அந்தக் கூட்டத்தில் குரல் கிடையாது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து மாதத்தில் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்மா, ஏசி ஓடலியா?"

திரைச்சீலை நிறம் பற்றி டீச்சரும் துணிக்கடைக்காரரும் நெடுநேரம் பேசினார்கள். அரங்கத்துக்கு எந்தத் துணி நன்றாக விழும் என்பதில் துணிக்கடைக்காரருக்கு அசைக்க முடியாத நம்பிக்கைகள் இருந்தன. அவருடைய கடையில் இருந்த துணியைத் தவிர வேறெதுவும் சரியாக விழாது என்று தெரியவந்தது. அறையைக் காலி செய்யப்போகிறவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள்.

"எங்கள் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். மைக் இல்லாதபோதும் மைக்கில் பேசும் குரல். "இந்த இல்லத்தைத் தந்த உம்முடைய கிருபைக்காக நன்றி. எங்கள் தகப்பனாரின் தரிசனத்துக்காக நன்றி. கீழ்த்தளத்து மூன்று அறைகளை, அந்த மூலை அறை நீங்கலாக, நினைவு அரங்கமாக்கும் இந்த நல்ல காரியத்தை உறுதிப்படுத்தும். எங்கள் இளம் சகோதரியின் மனதிலிருந்த சந்தேகத்தை நீக்கினதற்காக உமக்கு விசேஷ நன்றி. மேல் மாடிக்குப் போகிற எங்கள் பெரியவர்களை உமக்கு இன்னும் ஒரு படி அருகில் கொண்டுபோகிறீர் என்பதற்காகவும்..."

அந்த இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

ஜெபத்தின்போது அவள் கண்ணைத் திறந்தது அதுவே முதல் தடவை. வக்கீல் மேசைக்குக் கீழே போனில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரர் சத்தம் வராமல் பிஸ்கட்டைக் கடிக்க முயன்று, அதை வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் 'ஒருமனதாக' என்று ஏற்கெனவே எழுதிவிட்டு, அதன் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தவர் தலைவர் ஒருவர்தான். அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. அந்த முகத்தைப் பார்த்ததும் ஒரு மாதமாக அவள் போட்ட கணக்கெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஆமென்" என்றார் தலைவர்.

"ஆமென்" என்றார் வக்கீல். "ஆமென்" என்றார் டீச்சர். பிஸ்கட்டும் ஒரு மாதிரியாக ஆமென் சொன்னது.

"இல்லை" என்றாள் அவள்.

அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. ஏதோ கோளாறு, திரும்பச் சொன்னால் சரியாகிவிடும் என்பதுபோல, "ஆமென்" என்று இன்னொரு தடவை சொன்னார்.

"இல்லைங்க அய்யா."

இப்போது திறந்தார். "என்னம்மா இது? ஜெபத்துக்கு யாராவது இல்லைன்னு சொல்லுவாங்களா?"

"ஜெபத்துக்கு ஆமென் அய்யா" என்றாள். "ரூமுக்குத்தான் இல்லை."

"உங்க அத்தை ரூமத் தொடலையேம்மா!"

"தெரியும் அய்யா."

ஸ்டூலில் இருந்த நர்ஸ் இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டாள். தலைவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் போனை மேசைமேல் வைத்துவிட்டு, ஆயுளில் முதல் தடவையாக விஷயத்தை யோசிக்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளானார். "சட்டப்படி..." என்று ஆரம்பித்து, வழக்கமான வால் ஒட்டாமல் தவித்தார். "சட்டப்படி ஒரு குரல் குறையுதுங்க. அடுத்த மாசத்துக்குத்தான் போவும்."

"அப்போ நான் எதுக்கு?" என்று தலைவர் எழுந்தார். "ஒரு பைசா வாங்காம உழைக்கிறேன். அதுக்கு இதுதான் மரியாதைன்னா, நான் விலகிக்கிறேன். நீங்களே நடத்திக்குங்க!"

இந்த விலகல் வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். அப்போதெல்லாம் எல்லாரும் பதறி எழுந்து, "ஐயோ அய்யா, நீங்க இல்லாம இல்லம் என்னாவறது" என்பார்கள். அவரும் மனமிரங்கி உட்காருவார். இந்தத் தடவை டீச்சர் மட்டும், "ஐயோ அய்யா" என்று பாதியில் நின்றார். வக்கீலுக்கு அவசரமாக ஒரு செய்தி வந்தது. துணிக்கடைக்காரரின் வாய் நிறைந்திருந்தது. தலைவர் மேசையைப் பிடித்தபடி, உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றுவிட்டு, தானாகவே உட்கார்ந்தார். விலகல் வாபஸ் ஆனதாக யாரும் அறிவிக்கவில்லை.

உட்கார்ந்ததும் அவருக்கு வேறொன்று தோன்றியது. அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"சரி. ஒருத்தர் அடம்புடிச்சா ஊழியமே நிக்குது. இது ஆகாது. அடுத்த மாசத்திலேருந்து கை தூக்கி முடிவு பண்ணலாம். அஞ்சுல மூணு கை போதும். அந்த மூல ரூம் பேச்சும் இனி கிடையாது, நாலு ரூமும் சேந்துதான். இதுக்கு எல்லாரும் ஒருமனமா ஜெபிப்போம்."

ஜெபித்தார். சுருக்கமாக, கடவுளிடமே கொஞ்சம் கோபமாக.

இந்த மாற்றத்துக்கும் அவள் குரல் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. இல்லை என்றால் முடிந்தது. மாதா மாதம் வந்து உட்கார்ந்து, மாதா மாதம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். அத்தையின் கதவு அத்தை இருக்கும்வரை திறந்திருக்கும். ஆனால் நான்கு பேரையும் ஒரே ஆளாக வாயடைக்க வைப்பதைத்தானே இத்தனை காலமும் அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார்? அதே வேலையை இன்னொரு நாற்காலியிலிருந்து செய்ய வேண்டுமா? கை என்றால் கண் திறந்திருக்கும். யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று நர்ஸுக்குக்கூடத் தெரியும்.

இதெல்லாம் தெளிவாக இப்படியே தோன்றியதா, பிறகு சமாதானத்துக்காகச் சேர்த்துக்கொண்டாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஐந்தாவது ஆமென் அவளுடையது. சொன்னாள்.

வெளியே நடைபாதையில் டீச்சர் பின்னாலேயே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா சொன்னேம்மா. எனக்கும் ரொம்ப வருஷமாவே மனசுல இருந்துச்சு."

"அப்ப அடுத்த மாசம் நீங்க கை தூக்குவீங்களா டீச்சர்? வேணாம்னு?"

டீச்சரின் பிடி தளர்ந்தது. "அதான் கஷ்டம்மா. கைன்னா எல்லாரும் பாப்பாங்கல்ல?" என்றார். "ஜெபம்னா சத்தம் வராம வாய மட்டும் அசைச்சுடலாம். நான் நெறைய தடவ அப்படித்தான் பண்ணியிருக்கேன்." அதை ஒரு வீரச்செயல்போலச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை ஒருமனங்களில் அந்த வாய் வெறுமனே அசைந்திருக்கும்?

அத்தைக்கு விஷயம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. நர்ஸ் அந்தப் பக்கமாக ஓடியிருக்க வேண்டும்.

"கெடச்ச ரூம விட்டே" என்றாள் அத்தை, வரவேற்பாக. "சரி, அது போவட்டும். தபால்காரனும் மனுஷந்தான். இல்லைன்னு சொன்னியே, அங்க எனக்குக்கூட ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துது. அதுக்கப்புறம் கை தூக்கறதுக்கு எதுக்குடி ஆமென் சொன்னே? இல்லை இல்லைன்னே சொல்லிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானே? பூட்டு உன் கையில இருந்துது. சாவிய எடுத்து அவன்கிட்டயே குடுத்துட்டு வந்திருக்க!"

"அது சரியில்லன்னு தோணுச்சு அத்தை."

"அவனுக்கு எதாவது சரியில்லன்னு தோணுதா? உனக்கு மட்டும் ஏன் தோணுது?"

"அவருக்குத் தோணாததாலதான் அத்தை."

அத்தை அவளை முறைத்தாள். பிறகு விரல்களை மடக்கினாள். "மைக் ஒரு கை. வக்கீல் ஒரு கை. நீ எதிர்ல ஒரு கை. அந்த டீச்சர்?"

"வாய அசைப்பாங்களாம்."

"தூ" என்றாள் அத்தை. "இன்னும் ரெண்டு கை வேணும் உனக்கு. துணிக்கடைக்காரன்கிட்ட பேசினியா?"

"நாளைக்குப் போய்ப் பேசணும்."

"நீ பேசினா அந்தாளு உன் தலையில ரெண்டு மீட்டர் திரைச்சீலையக் கட்டி அனுப்பிடுவான்" என்ற அத்தை, ஊன்றுகோலை எட்டி எடுத்து, அதன் அடியிலிருந்த ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். "நானும் வரேன். இந்த இடுப்போட அவன் கடைப் படியில ஏறிக்காட்டறேன். நிக்கிறவங்க எல்லாரும் பாக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அவள் குறிப்பை எழுதினாள்.

"ஜூலை 14, திங்கள். இன்று ஆமென் சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேனா, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னேனா என்று தெரியவில்லை. அத்தை சொல்லக்கூடாத இடம் என்கிறாள். அவள் அறை இப்போது மற்ற மூன்றோடு சேர்ந்து மூன்று கைகளில் தொங்குகிறது.

நாளை: கடையில் ஒரு மணி நேரம் முன்னதாக விடுப்பு கேட்க வேண்டும். அத்தைக்கு ஆட்டோ பிடித்து, துணிக்கடைக்கு அழைத்துப் போக வேண்டும். அடுத்த கூட்டத்தில் வேண்டாம் என்று கை தூக்குவாரா, மாட்டாரா என்று அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பிறகு டீச்சர் வீடு."